பதில் வராவிட்டால்

அறைக்குள் ஆள் இருக்கும்போதே விளக்கு அணைந்தது.

மாலை ஆறாகக் கால் மணி நேரம் இருந்தது. அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தது மட்டுமா, வழக்கம்போல வலது காலை ஆட்டிக்கொண்டும், பேனா மூடியைக் கடித்துக்கொண்டும், திரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டும் இருந்தான். உயிரோடு இருக்கும் மனிதன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? கூரை மூலையில் இருந்த சென்சாரின் சிவப்புப் புள்ளி மிளகளவு மின்னியபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டது.

"சனியனே, இங்கதான இருக்கேன்" என்று கையைத் தூக்கி ஆட்டினான்.

ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். வெகுநேரம் யோசித்து மனமில்லாமல் ஒத்துக்கொண்டதைப்போல விளக்கு எரிந்தது.

அது ஜன்னல் இல்லாத அறை. முன்பு தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த இடத்தைக் காலி செய்து, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக அவன் தயார் செய்துகொண்டது. ஆறு வயது மகளின் கூச்சல் மீட்டிங்கில் கேட்காமலிருக்கக் கனமான கதவு, ஓரமெல்லாம் ரப்பர். அப்பா உள்ளே வேலையாக இருக்கிறாரா என்று வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சென்சார் இருக்கும்போது கைப்பிடி எதற்கு என்று அவனே கழற்றி எறிந்துவிட்டான். விளக்கு, பூட்டு இரண்டையும் நடத்துவது அவன் எழுதிய ஒரே ஒரு வரி. தமிழில் சொன்னால் அந்த வரி இப்படி இருக்கும்:

ஆள் உண்டா ? விளக்கு, திறப்பு : இருட்டு, பூட்டு

கேள்விக்குறிக்கு முன்னால் கேள்வி. அடுத்து, பதில் ஆம் என்றால் செய்ய வேண்டியது. இரட்டைப் புள்ளிக்குப் பின்னால், இல்லை என்றால் செய்ய வேண்டியது. அவ்வளவுதான். மற்றவர்கள் பத்து வரியில் உருட்டுவதை அவன் இப்படி ஒரே மூச்சில் முடித்துவிடுவான். அதனாலேயே அலுவலகத்தில் அவனுக்கு 'ஒருவரி' என்று பேர். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று தன் வரிகளைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான்; வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கிற பொறுமை அவனுக்குக் கிடையாது.

மனைவி மகளை அழைத்துக்கொண்டு, மகளின் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். ஆறரைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் இந்தச் சென்சாரைச் சரிசெய்துவிடலாம் என்று, அது பத்து வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் பதில்கள் குவிந்துகிடக்கும் பதிவைத் திறந்தான்.

உண்டு. உண்டு. உண்டு. உண்டு. அதற்குக் கீழே வெறும் இடம்.

'இல்லை' என்று வந்திருந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றியிருப்பான். 'இல்லை' என்றும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது, கேட்ட நேரம் பதிவாகியிருக்கிறது, பதில் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. அப்படியொரு காலி இடத்தை அவன் வாழ்க்கையில் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான்.

தன் வரி இருக்கும் கோப்பைத் திறந்தான். வரி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. கணினி கண்டுகொள்ளாத, மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காக மட்டும் எழுதி வைக்கும் குறிப்பு. ஒருவரி தன் பிறவியில் ஒரு குறிப்பும் எழுதியவன் இல்லை.

# அண்ணா, பதில் வராவிட்டால் என்ன செய்வது?

அவனை அப்படிக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டவள் ஒருத்திதான். அவள் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

அவளுக்கும் அவன் ஒரு பேர் வைத்திருந்தான்: 'சீரியல்'. எதை எழுதினாலும் நெடுந்தொடர்போல இழுப்பாள், ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதுவாள், ஒரு சின்னச் செய்தி அனுப்பினாலும் திரை நிரம்பிவிடும். பேர் வைத்த அன்று அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சேர்ந்து ஒரு வருடம்தான் ஆன பெண், வேறென்ன செய்வாள்? அவள் விசைப்பலகையைத் தட்டுவதுகூட நிதானம்தான். நான்கு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. பக்கத்து மேஜையில் இருந்த அவனுக்கு அந்தச் சத்தமே எரிச்சலாக இருக்கும்.

ஒரு குளிர்கிடங்குக்குக் கதவும் விளக்கும் தானாக இயங்குவதற்கான நிரலை அவள்தான் எழுதினாள். மைனஸ் பதினெட்டில் உறைந்த பட்டாணி மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. சென்சார் 'உண்டு' என்றால் ஒன்று, 'இல்லை' என்றால் ஒன்று. சென்சாரின் கண்ணில் பனி படிந்து அது ஒன்றுமே சொல்லாவிட்டால், கதவைத் திறந்து சங்கை ஊது. இந்த மூன்றையும் ஏழு வரியில் குறிப்போடு எழுதியிருந்தாள். ஒருவரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏழையும் அழித்து ஒன்றாக்கினான். அந்த நிரல்மொழியில் காலி இடம் என்பது 'இல்லை'யோடு சேர்த்திதான். அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணா, பதில் வரலைன்னா என்ன பண்றது? உள்ள ஆள் இருந்தும் வராம போகலாமே?" என்று அவள் கேட்டாள்.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்மா. பதில் சொல்லாதவங்க இல்லாதவங்கதான், விடு" என்றான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. மறுநாள் சாயங்காலம், சென்சார் மௌனமாவதை நிரூபித்துக் காட்ட மடிக்கணினியோடு தானே கிடங்குக்குள் போனாள். உள்ளேயிருந்து அவனுக்கு மூன்று செய்தி அனுப்பினாள். நீள நீளமாக அனுப்புகிறாள் என்று அவள் செய்திகளை அவன் எப்போதோ ஊமையாக்கி வைத்திருந்தான். 'அண்ணா, கதவு பூட்டிக்கொண்டது, நீங்கள் அங்கிருந்து திறந்துவிட முடியுமா' என்று ஆரம்பித்தது முதலாவது. மூன்றாவது, அவள் அனுப்பியதிலேயே சின்னது. 'அண்ணா' மட்டும்தான் இருந்தது.

அவன் மூன்றையும் காலையில்தான் பார்த்தான். கிடங்குச் சென்சாரின் பதிவில் இருந்த காலி இடத்தையும் அப்போதுதான் பார்த்தான். பார்த்ததும் முதலில் அழித்தது செய்திகளை. அடுத்தது, எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று பதிந்து வைத்திருக்கும் வரலாற்றில், அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் இருந்த தன் பேரை எடுத்துவிட்டு அவள் பேரை வைத்தான். செத்தவள் வந்தா சாட்சி சொல்லப் போகிறாள் என்பதுதான் அப்போது அவன் மனதில் ஓடியது. அவள் எழுதிய வரியே அவளை அடைத்தது என்று விசாரணை முடிந்தது. கதவின் உள்பக்கப் பனியில் பதினோரு உள்ளங்கை அடையாளம் இருந்ததாகக் கிடங்குக் காவலாளி சொன்னார்.

அவள் பொருட்களை எடுத்துப் போக அவளுடைய அம்மா வந்தார். மேஜையைக் காலி செய்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, என் பொண்ணு கடைக்குப் போய்ட்டு வரேன்னு சொல்றதுக்கே நாலு வரி எழுதி வெச்சுட்டுப் போறவ. அவளா ஒரே வரில எழுதினா?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி. நான் கேட்டா சொல்ல மாட்ட" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "அவ கேப்பா. அவ கேக்க ஆரம்பிச்சா விடவே மாட்டா."

விளக்கு மறுபடி அணைந்தது.

இந்தத் தடவை அவன் கையை ஆட்டவில்லை. மடிக்கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் மேஜைமேல் ஒரு சதுரமாகக் கிடக்க, அதற்கு அப்பால் அறையின் நான்கு மூலையும் எங்கே முடிகின்றன என்று தெரியாமல் போய், ஏசியின் உறுமல் மெல்ல மெல்லத் தடித்து, கனமான இயந்திரம் ஒன்று சுவருக்குள் புரள்வதுபோல் தரை வழியாகக் காலுக்கு ஏறியது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அதோடு இரும்பு வாசனை, பச்சைப் பட்டாணியின் லேசான இனிப்பு. ஏசியின் எண்பலகையில் பதினாறு என்று இருந்தது. அதற்குக் கீழே அந்த ஏசி போகாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்தானது.

யாரோ விளையாடுகிறார்கள். அலுவலகத்தில் எவனோ வீட்டு இணைப்புக்குள் நுழைந்துவிட்டான், எவன் என்று கண்டுபிடித்துத் தோலை உரித்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் குறிப்பை அழித்தான். அழிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான். மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

நான்கு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு.

சத்தம் அவன் விசைப்பலகையிலிருந்து வரவில்லை; அவன் விரல்கள் மடியில் இருந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் சுவர்தான். திரும்பிப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

# முதலில் கேட்போம். அவசரப்படாமல் கேட்போம்.
அந்த வரியை எழுதியது யார்?
# பதில் வரும்வரை காத்திருப்போம்.

அவசர அவசரமாக இணைய இணைப்பைப் பிடுங்கினான். மின்கம்பியையும் பிடுங்கினான். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. பேட்டரியில் ஓடுகிறது என்று தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டான். தட்டும் சத்தம் நின்றிருந்தது. காத்திருந்தது. கேள்விக்குக் கீழே கர்சரின் குச்சி மட்டும் மினுக்கியது.

அவள் பேரைத் தட்டினான். பழக்கம். பதினோரு மாதமாக யார் கேட்டாலும் அவன் சொன்ன பதில் அதுதான்.

எண்பலகை மூன்றுக்கு இறங்கியது.

எழுந்து கதவுக்குப் போனான். பூட்டியிருந்தது. தோளால் மோதினான், ரப்பர் ஓரம் மோதலை அப்படியே விழுங்கிக்கொண்டது. கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளை இருந்தது. அதற்குள் நகத்தை விட்டுத் தோண்டினான். நகம் பிளந்தது.

கைபேசி அடித்தது. மனைவி. எடுக்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன்! சீக்கிரம் வா! கதவ வெளியேர்ந்து தொற!"

"என்னங்க? ஹலோ? கேக்குதா?"

"கேக்குது! நீ கேளு! நான் உள்ள—"

"எடுத்துட்டுப் பேச மாட்டேங்குறாரு பாரு" என்று அவள் பக்கத்தில் யாரிடமோ, மகளிடம்தான், சலித்துக்கொண்டது தெளிவாகக் கேட்டது. "மீட்டிங்ல இருப்பாரு. விடு, வீட்டுக்கிட்ட வந்துட்டோம்."

விடு. அந்தச் சொல் காதில் நின்றுகொண்டது.

நான்கு தட்டு. நிறுத்தம். ஒரு தட்டு.

# இரண்டாவது முறையும் கேட்போம். ஒருவேளை முதலில் சரியாகக் கேட்டிருக்காது.
அந்த வரியை எழுதியது யார்?

நாற்காலியில் விழுந்தான். விசைகள்மேல் மெல்லிய பனி படிந்திருந்தது. அவன் தொடாத விசைகளின் மேல் சின்னச் சின்ன விரல் பதிவுகள் இருந்தன. பல் கிட்டித்துக்கொண்டது. 'தெரியாது' என்று தட்டினான்.

மைனஸ் ஆறு.

அவனுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கோபமே இல்லாத பெருமூச்சு. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவர்கள் விடுவது.

# மூன்றாவது முறை. அண்ணா, இது கடைசி. பத்து வினாடி.
அந்த வரியை எழுதியது யார்?

'நான்'. இரண்டே எழுத்து. சுருக்கத்துக்குப் பேர்போனவனுக்கு அதைவிடச் சுருக்கமான பதில் கிடைக்காது. விரலை வைத்தும்விட்டான். அப்போதுதான், சாகப்போகிறவனுக்குத் தோன்றக்கூடாதது தோன்றியது. இது எங்கே பதிவாகும்? யார் கண்ணில் படும்? நாளைக்குக் காலையில் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தால்? வரலாற்றை மாற்றியதும் சேர்ந்து வெளியே வருமே? மானம் போகுமே, வேலை போகுமே. வேறு ஏதாவது, இரண்டு பக்கமும் சாயாத ஒரு பதில்—

பத்து வினாடி முடிந்தது.

தட்டினான். இப்போது தட்டினான். நான். நான். நான்தான் எழுதினேன். விசைகள் அமுங்கின. திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

"நான்தான்!" என்று கத்தினான். வாய் திறந்தது. தொண்டை கிழிவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

பதிவில் கடைசி வரி. கேள்வி இருந்தது. நேரம் இருந்தது. பதில் இருக்கும் இடம் காலி.

கதவுக்கு ஓடினான். அடித்தான். உள்ளங்கை பட்ட இடத்தில் பனியில் ஒரு கை விழுந்தது. இரண்டு. மூன்று. எண்ணக்கூடாது என்று நினைத்தான். எண்ணினான். ஏழு. எட்டு.

வெளியே வாசல் கதவு திறந்தது. செருப்புச் சத்தம். மகள் குரல்.

ஒன்பது. பத்து.

பதினொன்றாவதில் கை கண்ணாடிப் பட்டையின் இரும்பு விளிம்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். வரவில்லை.

அப்போது விளக்கு எரிந்தது.

பளிச்சென்று, அறை முழுக்க. பூட்டு மட்டும் திறக்கவில்லை. பதிவில் புதிதாக ஒரு பதில் வந்திருப்பது கதவிலிருந்தே தெரிந்தது. உண்டு. ஆள் உண்டு. ஒருவர்.

ஒருவர்.

அவன் கதவருகே நின்றிருந்தான். சிவப்புப் புள்ளி அவன் பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிப் பட்டையில் மகளின் முகம் வந்தது. எம்பி நின்று, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு. அவன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடைக் கண்ணாடிதான். கண்ணே, இங்க பாரு, அப்பாவப் பாரு என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் கண்கள் அவனைத் தாண்டிப் போய், அறைக்குள் நின்றன.

"அம்மா, அப்பா இல்லம்மா."

"உள்ளதான் இருக்காரு. ஒரு ஆள்னு இங்க காட்டுது பாரு" என்றாள் மனைவி, கூடத்துச் சுவரில் சென்சாரின் பதிலைக் காட்டும் பலகையின் பக்கத்திலிருந்து. "தொந்தரவு பண்ணாம வந்து கைய கழுவு."

"அது அப்பா இல்லம்மா. ஒரு அக்கா. உக்காந்து எழுதிக்கிட்டே இருக்காங்க. ரொம்ப நீளமா."

"சரி, சரி. கதை விடாத. வா."

மகள் யாருக்கோ கையசைத்தாள். அவனுக்கு இல்லை. பிறகு முகம் விலகியது. கண்ணாடியின் ஓரங்களிலிருந்து பனி உள்நோக்கி ஊர்ந்து, நடுவில் ஒரு காசளவு இடம் மட்டும் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்து, அதுவும் மூடிக்கொண்டது.

கை ஒட்டியிருந்ததால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

நாற்காலியின் முதுகும், அதற்குமேல் ஈரத்தோடு விறைத்துத் தொங்கும் ஒரு பின்னலும் தெரிந்தன. பின்னல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தரையைத் தொடுவதற்குள் உறைந்து, கல்லாய் உருண்டு அவன் காலடிக்கு வந்தது. நான்கு தட்டு. நிறுத்தம். ஒரு தட்டு. திரையில் அவனுடைய ஒற்றை வரி இல்லை. அது இருந்த இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, நிதானமாக, எழுத்துகள் இறங்கிக்கொண்டிருந்தன.

# அண்ணா, இனி சுருக்க வேண்டாம். நமக்கு நிறைய நேரம் இருக்கிறது.
# பதில் வரவில்லை. ஆகவே ஆள் இல்லை.
# கதவைத் திறக்கத் தேவையில்லை.
# முதலில் விரல்கள் உறையும்.